பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையைத் தெரிவு செய்தல்: சஹானா தரும் பாடம்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)

இப்பகுதியைக் கற்ற பின்னர் நீங்கள்,
• பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்றால் என்ன என்பதை விளக்குவீர்கள்.
• மையப்படுத்தப்பட்ட முறைமை, பரவலாக்கப்பட்ட முறைமை ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
• ஒரு திறந்த மூல மென்பொருட் செயற்றிட்டத்துக்குப் பொருத்தமான முறைமையைக் காரணங்காட்டித் தெரிவு செய்வீர்கள்.



திறந்த மூல மென்பொருள் என்பது, அதன் மூலக்குறிகளை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் அனுமதியளிக்கப்பட்ட மென்பொருள் எனக் கற்றிருக்கிறீர்கள். இங்கு ஒரு கேள்வி எழுகிறது. எவரும் திருத்தலாம் என்றால் எவரும் குழப்பிவிடவும் முடியுமல்லவா? ஒருவரை ஒருவர் நேரில் காணாத பத்துப் பேர் ஒரே மென்பொருளைத் திருத்தும்போது அது எவ்வாறு சிதையாமல் இருக்கிறது? இக்கேள்விக்கான விடையே இப்பகுதியின் பாடமாகும்.

1. செக்ரோலிலிருந்து தொடங்குவோம்

ஊவாவின் தோட்டங்களில் வளர்ந்த உங்களுக்குச் செக்ரோலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் வேலைக்கு வந்தார், முழுப் பேரா அரைப் பேரா, எத்தனை கிலோ கொழுந்து என்பன அதிலே பதியப்படுகின்றன. மாத முடிவில் சம்பளம் கணக்கிடப்படுவது அதனைக் கொண்டே.

அப்பதிவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது எனக் கொள்வோம். அதனை இரண்டு விதமாகத் திருத்தலாம். முதலாவது, பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவது. இரண்டாவது, பழைய எண்ணின் மீது ஒரு கோடு இழுத்து, பக்கத்திலே புதிய எண்ணை எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிடுவது. முதல் முறையில், அம்மாவின் ஒரு நாட் பேர் விழாமற் போனால் ஏன் போனது என்று கேட்க வழியே இல்லை. இரண்டாம் முறையில் யார், எப்போது, எதனை, ஏன் மாற்றினார் என்பது தாளிலேயே இருக்கிறது.

பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை கணினிக் கோப்புகளுக்கு இந்த இரண்டாவது முறையைத் தன்னியக்கமாகச் செய்து தருகிறது.

பாடசாலைச் செயற்றிட்டத்தின்போது உங்கள் பென் டிரைவில் "அறிக்கை", "அறிக்கை புதியது", "அறிக்கை இறுதி", "அறிக்கை உண்மையான இறுதி" என நான்கு கோப்புகள் இருந்ததுண்டா? நீங்களும் ஒரு வகையில் பதிப்புக் கட்டுப்பாட்டையே முயன்றிருக்கிறீர்கள். ஆனால் அந்நான்கில் எது சரியானது, ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்பதை ஒரு வாரத்தின் பின் உங்களாலேயே சொல்ல முடியாது. முறைமை தேவைப்படுவது அதனாலேதான்.

2. அறிந்திருக்க வேண்டிய பதங்கள்

களஞ்சியம்: செயற்றிட்டத்தின் எல்லாக் கோப்புகளும் அவற்றின் முழு வரலாறும் சேமிக்கப்பட்டுள்ள இடம்.

கமிட்: ஒரு மாற்றத்தைக் களஞ்சியத்திலே பதிதல். ஒவ்வொரு கமிட்டுடனும் பதிந்தவரின் பெயர், திகதி, நேரம், காரணத்தைக் கூறும் சிறு குறிப்பு ஆகியன சேர்கின்றன.

கிளை: பிரதான பதிப்பைக் குழப்பாமல் ஒரு புதிய முயற்சியைத் தனியாகச் செய்து பார்ப்பதற்கான வழி.

ஒன்றிணைத்தல்: கிளையிலே செய்த வேலையைப் பிரதான பதிப்புடன் சேர்த்தல்.

முரண்பாடு: இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருக்கும் நிலை. முறைமை அதனைச் சுட்டிக்காட்டி நிற்கும். எது சரி என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும்.

3. இரண்டு வகை முறைமைகள்

(அ) மையப்படுத்தப்பட்ட முறைமை

இதிலே முழு வரலாறும் ஒரு சேவையகத்தில் மாத்திரம் இருக்கும். பயனர்கள் தமக்குத் தேவையான பதிப்பை எடுத்து வேலை செய்து, மீண்டும் சேவையகத்துக்கு அனுப்புவர். தோட்ட ஆபீசில் ஒரேயொரு புத்தகம் இருப்பதைப் போன்றது. எதையும் பதிய ஆபீசுக்குப் போயாக வேண்டும். ஆபீஸ் மூடியிருந்தால் காத்திருக்க வேண்டும்.

சீவிஎஸ், சப்வேர்சன் ஆகியன இவ்வகையின. சீவிஎஸ் 1980களின் பிற்பகுதியிலே உருவானது. நீண்ட காலம் திறந்த மூல உலகில் அதுவே வழக்கிலிருந்தது. அதன் குறைகளைக் களையும் நோக்குடன் 2000 இல் தொடங்கப்பட்ட சப்வேர்சனின் 1.0 பதிப்பு 2004 பெப்ரவரியில் வெளியாயிற்று. சீவிஎஸ்ஸில் பல கோப்புகளை ஒரே தடவையில் அனுப்பும்போது இடையில் இணைப்பு அறுந்தால், பாதிக் கோப்புகள் மாறியும் மீதி மாறாமலும் நின்றுவிடலாம். சப்வேர்சனில் ஒரு கமிட் முழுமையாகப் பதியும், அல்லது பதியவே பதியாது.

(ஆ) பரவலாக்கப்பட்ட முறைமை

இதிலே ஒவ்வொரு பயனரின் கணினியிலும் முழு வரலாற்றுடன் களஞ்சியத்தின் பிரதி இருக்கும். இணையம் இல்லாதபோதும் கமிட் செய்யலாம், பழைய பதிப்புகளைப் பார்க்கலாம், கிளை அமைக்கலாம். இணைப்புக் கிடைத்ததும் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளலாம்.

கிட், மேர்க்கூரியல், பசார் ஆகியன இவ்வகையின. மூன்றும் பரவலாக அறியப்பட்டது 2005 இலும் அதனை அடுத்து வந்த ஆண்டுகளிலுமே.

4. எமது நாட்டு உதாரணம்: சஹானா

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களைத் தாக்கியது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கின்றனர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது, எங்கே எது தேவைப்படுகிறது ஆகிய தகவல்களைக் கையாள மென்பொருள் ஒன்று உடனடியாகத் தேவைப்பட்டது. இலங்கையின் தகவல் தொழினுட்பத் துறையினர் தொண்டர்களாக ஒன்றுசேர்ந்து அதனை உருவாக்கினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் எனும் அமைப்பு அதற்குத் துணைநின்றது. அம்மென்பொருளே சஹானா. சிங்கள மொழியில் இச்சொல்லின் பொருள் நிவாரணம் என்பதாகும்.

அது திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டமையால் பிற நாடுகளும் பயன்படுத்தின. 2005 இல் பாகிஸ்தானின் பூமியதிர்ச்சியின் பின்னரும், 2006 இல் பிலிப்பைன்சின் மண்சரிவின் பின்னரும், 2010 இல் ஹெயிட்டியின் பூமியதிர்ச்சியின் பின்னரும் அது பணிக்கு எடுக்கப்பட்டது. சமூக நலனுக்கான செயற்றிட்டங்களுக்குச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதின் 2006 ஆம் ஆண்டுக்குரியது சஹானாவுக்குக் கிடைத்தது.

இனி எமது பாடத்துடன் தொடர்புடைய விடயத்துக்கு வருவோம். சஹானாவின் மூலக்குறிகள் ஒரே முறைமையில் இருந்துவிடவில்லை.

முதலாம் கட்டம்: சோர்ஸ்போர்ஜ் எனும் இணையத்தளத்தில், சீவிஎஸ் களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. 2005 ஜனவரியில் கிட் பிறக்கவே இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: லோன்ச்பேட் எனும் தளத்துக்கும் பசார் முறைமைக்கும் மாறின.

மூன்றாம் கட்டம்: பைதன் மொழியில் எழுதப்பட்ட சஹானா ஈடன் எனும் பதிப்பு, கிட்ஹப் தளத்துக்கும் கிட் முறைமைக்கும் மாறியது.

இம்மாற்றங்களைத் தோல்வி எனக் கருதலாமா? இல்லை. வேலை செய்பவர்கள் மாறினர், அவர்கள் இருந்த நாடுகள் பெருகின, கருவிகளும் வளர்ந்தன. ஏனைய பெரிய செயற்றிட்டங்களும் இவ்வழியே சென்றன. பைதன் மொழியின் குழுவினர் பசார், மேர்க்கூரியல், கிட் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2009 இல் மேர்க்கூரியலைத் தெரிவு செய்தனர். 2017 இல் கிட்ஹப்புக்கு மாறினர். எனவே தெரிவு என்பது அன்றைய தேவைக்கு அன்றுள்ள கருவிகளில் பொருத்தமானதைக் காரணத்தோடு எடுப்பதாகும்.

5. தெரிவின்போது கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி 1: திருத்தம் யாரிடமிருந்து வரப்போகிறது?

இதுவே தலையாய கேள்வி. ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டு லயன்கள் புதையுண்டன. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பது பற்றி முதல் நாட்களில் வெவ்வேறு எண்ணிக்கைகள் வெளியாகின. ஓர் இடத்தில் யார் யார் வசிக்கிறார்கள் எனும் பட்டியல் எத்துணை முக்கியம் என்பதை அந்நாட்கள் காட்டின.

அத்தகைய பட்டியலுக்குரிய மென்பொருளைத் தூரத்து நகரத்தில் இருக்கும் ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் "ஒரு முகவரி, ஒரு குடும்பம்" என்று படிவத்தை அமைத்துவிடுவார். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத லயன்கள் உண்டென்பதும், ஒரே காம்பராவில் இரண்டு மூன்று குடும்பங்கள் வசிக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. அப்படிவத்தில் இரண்டாவது குடும்பத்தைப் பதிய இடமே இராது. பதியப்படாத குடும்பத்தை எவரும் தேடவும் மாட்டார்கள். இப்பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த லயனை அறிந்தவரே.

ஆகவே அறிமுகமற்ற ஒருவரும் இலகுவாகத் திருத்தம் அனுப்பவும், பொறுப்பானவர்கள் அதனைச் சரிபார்த்த பின் ஏற்கவும் வழிதரும் முறைமையே திறந்த மூலத்துக்கு ஏற்றது. மையப்படுத்தப்பட்ட முறைமையில் கமிட் செய்ய சேவையகத்தில் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவர் மாற்றத்தைத் தனிக் கோப்பாக அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பரவலாக்கப்பட்ட முறைமையில் எவரும் தமது பிரதியிலே முழுமையாக வேலை செய்து முடித்துவிட்டு, "இதனை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கோரலாம்.

கேள்வி 2: இணைய இணைப்பு எப்படிப்பட்டது?

மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும் இடத்திலும், சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டிய இடத்திலும் இருப்பவர்களுக்கு, இணைப்பின்றியே கமிட் செய்யக்கூடிய முறைமை பெரும் வசதி.

கேள்வி 3: எவ்வகைக் கோப்புகள்?

மூலக்குறி, மொழிபெயர்ப்புக் கோப்பு போன்ற வெறும் பாடக் கோப்புகளில் எந்த வரி மாறியது என்பதை முறைமை காட்டும். யூனிகோட்டில் உள்ள தமிழ்ப் பாடத்துக்கும் இது பொருந்தும். படங்கள், காணொளிகள் போன்றவற்றில் அவ்வாறு வரி வரியாக ஒப்பிட முடியாது. பெரிய காணொளிகள் பல இருப்பின், கிட் களஞ்சியத்தின் ஒவ்வொரு பிரதியும் பாரமாகிவிடும். அத்தகைய வேலைக்குத் தேவையான கோப்புறையை மாத்திரம் எடுக்கக்கூடிய சப்வேர்சன் பொருத்தமாகலாம்.

கேள்வி 4: கற்பது இலகுவா?

சப்வேர்சனின் கட்டளைகள் தொடக்கநிலையாளருக்கு இலகுவானவை எனப் பலர் கருதுவர். கிட்டைப் பழகச் சிறிது காலம் எடுக்கும். எனினும் கிட்டுக்குரிய நூல்கள், பாடங்கள், உதவி செய்வோர் தொகை இன்று மிக அதிகம். கேட்டறிய ஆள் இருப்பதும் கருவியின் ஒரு சிறப்பே.

கேள்வி 5: கருவி யாருடைய கையில் உள்ளது?

லினக்ஸ் கருவகத்தை விருத்தி செய்தோர் 2002 முதல் பிட்கீப்பர் எனும் தனியுரிமை மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தினர். 2005 இல் அந்த இலவச அனுமதி நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பயன்பட்ட ஒரு செயற்றிட்டம் திடீரெனக் கருவியை இழந்து நின்றது. அதனாலேயே லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். இலவசம் என்பதும் திறந்த மூலம் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க உதாரணம். பரீட்சையிலும் இதனை எழுதலாம்.

கேள்வி 6: நாளை வெளியேற முடியுமா?

கிட் என்பது மென்பொருள். கிட்ஹப் என்பது கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் ஓர் இணைய சேவை. 2008 இல் தொடங்கப்பட்ட அதனை 2018 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. இவ்விரண்டையும் மாணவர் பலர் குழப்பிக்கொள்கின்றனர். சேவைகள் மூடப்படலாம். கூகிள் கோட் எனும் சேவை 2016 இல் மூடப்பட்டது. வரலாற்றை இழக்காமல் வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்பதை முதல் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பரவலாக்கப்பட்ட முறைமையில் முழு வரலாறும் ஒவ்வொருவரிடமும் இருப்பதால், ஒரு சேவை மூடப்பட்டாலும் மூலக்குறியின் வரலாறு அழியாது.

6. தெரிவு செய்து பார்ப்போம்

பசறையில் ஒருவர், ஹப்புத்தளையில் ஒருவர், பதுளை நகரில் ஒருவர் என மூன்று மாணவர்கள், மண்சரிவு எச்சரிக்கையின்போது முகாமுக்கு வரும் லயன் குடும்பங்களைப் பதியும் மென்பொருளைத் திறந்த மூலமாகச் செய்கின்றனர் எனக் கொள்வோம். எதனைத் தெரிவு செய்யலாம்?

வேறு தோட்டங்களிலிருந்தும் திருத்தம் வரவேண்டும். இணைப்பு நிலையற்றது. கோப்புகள் பெரும்பாலும் பாடக் கோப்புகள். உதவி எளிதாகக் கிடைக்க வேண்டும். கருவி திறந்த மூலமாக இருக்க வேண்டும். இவை அனைத்தையும் கருதினால் இன்று கிட் பொருத்தமானது. அவர்களின் களஞ்சிய வரலாறு பின்வருமாறு அமையலாம்.

கமிட் 1 – பதுளை – பதிவுப் படிவத்தின் முதலாவது வடிவம்
கமிட் 2 – பசறை – தமிழ், சிங்களத் தலைப்புகளைச் சேர்த்தல்
கமிட் 3 – ஹப்புத்தளை – ஒரு காம்பராவில் பல குடும்பங்களைப் பதிய இடமளித்தல்

மூன்றாவது குறிப்பைக் கவனியுங்கள். "திருத்தம்" என்று மாத்திரம் எழுதியிருந்தால், ஒரு வருடத்தின் பின் வருபவர் அவ்வரி எதற்கென்று தெரியாமல் நீக்கிவிடக்கூடும். காரணம் எழுதப்பட்டிருப்பதால் அவர் நின்று யோசிப்பார்.

மிக முக்கியமான எச்சரிக்கை: மென்பொருளின் மூலக்குறி திறந்திருக்கலாம், மக்களின் விபரங்கள் திறந்திருக்கலாகாது. குடும்பங்களின் உண்மைப் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், தொலைபேசி இலக்கங்கள், கடவுச்சொற்கள் ஆகியவற்றைப் பொதுக் களஞ்சியத்தில் ஒருபோதும் இடக்கூடாது. கோப்பை அழித்துவிட்டாலும் பழைய கமிட்டில் அது தங்கியிருக்கும். ஏற்கெனவே பிரதி எடுத்தவர்களிடமும் இருக்கும். பரிசோதனைக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துங்கள்.

7. நினைவிற் கொள்க

• பதிப்புக் கட்டுப்பாடு யார், எப்போது, எதனை, ஏன் மாற்றினார் என்பதைப் பேணுகிறது.
• மையப்படுத்தப்பட்டவை: சீவிஎஸ், சப்வேர்சன். பரவலாக்கப்பட்டவை: கிட், மேர்க்கூரியல், பசார்.
• கிட் கருவி, கிட்ஹப் சேவை.
• முரண்பாட்டைக் கருவி காட்டும், மனிதர் தீர்ப்பர்.
• பிரபலம் மாத்திரம் தெரிவுக்குக் காரணமாகாது. பங்களிப்பவர், இணைப்பு, கோப்பு வகை, கற்றல், உரிமை, வெளியேறும் வழி ஆகிய ஆறையும் நோக்குக.

8. பயிற்சி வினாக்கள்

பகுதி 1: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பின்வருவனவற்றுள் பரவலாக்கப்பட்ட பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை எது?
(1) சீவிஎஸ் (2) சப்வேர்சன் (3) மேர்க்கூரியல் (4) சோர்ஸ்போர்ஜ்

2. இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியுள்ள நிலை எவ்வாறு அழைக்கப்படும்?
(1) கிளை (2) முரண்பாடு (3) களஞ்சியம் (4) கமிட்

3. பின்வரும் கூற்றுகளைக் கருதுக.
அ – கிட்டில் இணைய இணைப்பின்றிக் கமிட் செய்யலாம்.
ஆ – கிட்டும் கிட்ஹப்பும் ஒரே மென்பொருளின் இரு பெயர்கள்.
இ – கோப்பொன்றை அழித்த பின்னரும் அது களஞ்சிய வரலாற்றில் இருக்கலாம்.
இவற்றுள் சரியானவை,
(1) அ, ஆ மாத்திரம் (2) அ, இ மாத்திரம் (3) ஆ, இ மாத்திரம் (4) அ, ஆ, இ அனைத்தும்

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

(அ) பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையின் இரண்டு பயன்களைக் குறிப்பிடுக.
(ஆ) இணைப்பு நிலையற்ற பிரதேசத்துக்குப் பரவலாக்கப்பட்ட முறைமை ஏன் பொருத்தமானது?
(இ) லினக்ஸ் செயற்றிட்டம் பிட்கீப்பரைக் கைவிட நேர்ந்தமையிலிருந்து பெறும் பாடம் யாது?
(ஈ) மாணவர் ஒருவர் முகாமிலுள்ளோரின் உண்மையான அடையாள அட்டை இலக்கங்களைப் பொதுக் களஞ்சியத்தில் பதிந்து, பின் அழித்துவிட்டார். பிரச்சினை தீர்ந்ததா? விளக்குக.

விடைகள்

பகுதி 1: 1 – (3), 2 – (2), 3 – (2)

பகுதி 2:
(அ) பழைய பதிப்புக்கு மீளச் செல்லலாம். மாற்றத்தைச் செய்தவரையும் காரணத்தையும் அறியலாம். (பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்பதும் ஏற்கத்தக்கது.)
(ஆ) முழு வரலாறும் பயனரின் கணினியிலேயே இருப்பதால், இணைப்பின்றிக் கமிட் செய்து, இணைப்புக் கிடைத்ததும் பரிமாறிக்கொள்ளலாம்.
(இ) இலவசமாகக் கிடைக்கும் தனியுரிமைக் கருவியின் அனுமதி எப்போதும் நிறுத்தப்படலாம். ஆகவே கருவியின் உரிம நிபந்தனையையும் நோக்கியே தெரிவு செய்ய வேண்டும்.
(ஈ) தீரவில்லை. பழைய கமிட்டிலும், ஏற்கெனவே எடுக்கப்பட்ட பிரதிகளிலும் அவ்விலக்கங்கள் தொடர்ந்து இருக்கக்கூடும்.

மாணவர்களே, (ஈ) வினாவுக்குத் "தீரவில்லை" என்று மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்காது. விளக்குக என்றால் காரணம் எழுத வேண்டும். கமிட் குறிப்புக்கும் அதுவே விதி. அடுத்த செயற்றிட்டத்தில் "உண்மையான இறுதி" என்று ஐந்தாவது கோப்பைத் திறக்க முன், ஒரு களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் லயனை நீங்கள் அறிந்த அளவுக்கு அறிந்த மென்பொருளாளர் வேறெங்கும் இல்லை. அந்த அறிவு உங்கள் பெயரோடும் காரணத்தோடும் பதியப்படட்டும்.